இரண்டாவது ரத்தக்குழாய்

குளிர்ந்த ஜெல் பட்டால் எந்தக் காலும் ஒரு கணம் சிலிர்க்கும். இந்தக் கால் சிலிர்க்கவில்லை.

அமாவாசை, பகல் பதினொன்றரை. வெளியே மேல்மலையனூர் சிறப்புப் பேருந்துகள் ஹாரனை அலறவிட்டபடி கிளம்பிக்கொண்டிருக்க, ஜன்னலெல்லாம் மூடிய ஸ்கேன் அறையில் மெஷினின் சாம்பல் வெளிச்சமும், ஸ்பிரிட் வாசனையும், அதற்கு அடியில் நாள்பட்ட தண்ணீரில் கிடந்து அழுகிய பூவின் நாற்றமும் கலந்து நின்றன. கட்டிலில் படுத்திருந்தவளின் முகத்தை டாக்டர் ஷோபனா பார்க்கவில்லை. கூட்ட நாளில் அவள் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

தொடையில் கருவியை வைத்து அழுத்தினாள். நல்ல குழாய் என்றால் அமுங்கித் தட்டையாகும்; ரத்தம் கட்டியிருந்தால் அமுங்காது. இது அமுங்கியது. ஆனால் பக்கத்திலேயே இன்னொன்று தெரிந்தது. சிலருக்கு அந்த இடத்தில் ஒன்றுக்குப் பதில் இரண்டு குழாய்கள் ஓடும்.

போன அமாவாசையன்று அவலூர்பேட்டைப் பூக்காரி தனகோட்டிக்கும் இப்படித்தான் இருந்தது. வீங்கிய காலோடு வந்தவளுக்கு, முதல் குழாய் அமுங்கியதுமே 'ரத்தக்கட்டி இல்லை' என்று ஷோபனா எழுதி அனுப்பிவிட்டாள். நாலாம் நாள் தனகோட்டி பஸ்ஸிலேயே நெஞ்சடைத்துச் செத்தாள். சேமித்து வைத்த படத்தை ஷோபனா திறந்து பார்த்தபோது ஓரத்தில் இரண்டாவது குழாய், அதற்குள் கட்டி. உடனே படத்தை அழித்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு மறுநாளும் வேலைக்கு வந்தாள்.

வரவேற்பில் இருக்கும் மோனிகா கதவுக்கு வெளியே நின்று கேட்டாள்.

"மேடம், உள்ள யாரும் இல்லல்ல? அடுத்த பேஷண்ட்ட அனுப்பட்டுமா?"

ஷோபனாவின் கை அந்தக் காலின் மேல்தான் இருந்தது.

ரத்த ஓட்டத்தைக் கேட்கும் பொத்தானைத் தட்டினாள். உஷ் உஷ்ஷென்று வரவேண்டிய சத்தம் வரவில்லை. ஒலியைக் கூட்டினாள். மெஷினின் விசிறி மட்டும் இரைந்தது.

முதல் தடவையாகக் கட்டிலில் கிடந்தவளின் முகத்தைப் பார்த்தாள். தனகோட்டி.

"ஒன்னு அமுங்கிடுச்சு இல்ல," என்றாள் கட்டிலில் கிடந்தவள். "ரெண்டாவதையும் அமுக்கிப் பாரு. எனக்குத்தான் பாக்கல. உனக்காவது பாரு."

ஈர விரல்கள் ஷோபனாவின் மணிக்கட்டைப் பிடித்தன. அவள் சேலையை விலக்கின. கருவி ஷோபனாவின் தொடையிலேயே வந்து பதிந்தது.

திரையில் இரண்டு குழாய்கள். அவளுடையவை. ஒன்று அமுங்கியது. அந்தக் கை கருவியை நெடுக்காகத் திருப்பியது. மற்றதில் கட்டி. அதன் வால் ரத்தத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அழுத்தக் கூடாது. அழுத்தினால் அறுந்து நெஞ்சுக்கு ஓடும். ஷோபனாவுக்குத் தெரியும்.

அந்தக் கைக்கும் தெரிந்திருந்தது.

அழுத்தியது.

கட்டி அறுந்தது. மெல்ல நகர்ந்தது. நெஞ்சிருக்கும் பக்கமாகத் திரையின் ஓரத்தைத் தாண்டி மறைந்தது.

இரண்டாவது குழாய் இப்போது நன்றாக அமுங்கியது.