இறக்கி வைத்த தட்டு

"அவர் கையில ரத்தம் இருந்தது நிஜம்தான். ஆனா அவர் கொல்லல," என்றாள் வந்தவள், நாற்காலியில் உட்காராமலேயே. "ஸ்டேஷன்ல வெச்சு அடிக்கிறாங்க. ஒத்துக்கிற வரைக்கும் விடமாட்டாங்களாம்."

துப்பறிவாளர் முழுவதையும் கேட்டு முடிப்பதற்குள் அவருடைய மைத்துனன் செருப்பை மாட்டிக்கொண்டுவிட்டான்.

அவள் கணவர் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். பக்கத்து வீட்டுப் பெண் நாய்களுக்கென்று வீட்டிலேயே பிஸ்கட் சுட்டு விற்பவள். போன வாரம் மாஸ்டரின் நாய் செத்துப்போனது. அந்த பிஸ்கட்டால்தான் என்று நம்பிய மாஸ்டர், தெருவில் நின்று "உன் மண்டையை உடைக்கிறேன் பார்" என்று கத்தியிருந்தார். நேற்று மத்தியானம் அவள் மண்டை உடைந்து கிடந்தாள். அவளுடைய நாய் ஊளையிட்டதைக் கேட்டு உள்ளே ஓடிய மாஸ்டர் அவள் தலையைத் தூக்கி மடியில் வைத்திருந்தபோது, அவளுடைய கணவன் பட்டறையிலிருந்து வந்து நின்றான்.

காவல் நிலையத்தில் மாஸ்டரின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. கைகளை விரித்துக் காட்டச் சொன்னார் துப்பறிவாளர். ரேகைகளில் ரத்தம் காய்ந்திருந்தது, வேறொன்றும் இல்லை.

"கைரேகை ஜோசியமா சார்?" என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர். ஆனாலும் கூடவே வந்தார்.

கொலை நடந்த சமையலறையில் சுவர் உயரத்துக்கு ரத்தம் தெறித்திருந்தது. பூரிக்கட்டையில் தலைமுடி ஒட்டியிருந்தது. மேடைமேல் ஒரு தட்டு நிறைய, எலும்பு வடிவத்தில் வெட்டிச் சுட்ட கேரட் பிஸ்கட்டுகள், ஒன்றுகூடக் கருகாமல் இருந்தன. பிணத்தின் போட்டோவை இன்ஸ்பெக்டர் நீட்டினார். இரண்டு கைகளிலும் அடுப்புக்கான தடித்த கையுறைகள்.

"அடுப்புலேருந்து தட்டை வெளிய எடுத்து வெச்சிருக்கா. திரும்பறதுக்குள்ள பின்னாலேருந்து ஒரே போடு," என்றார்.

துப்பறிவாளர் தட்டைத் தூக்கினார். அது எளிதில் வரவில்லை. அடியில் ரத்தம் கருஞ்சிவப்பாகத் தீய்ந்து ஒட்டியிருந்தது.

கூடத்தில் கணவன் நின்றிருந்தான். நாய்ச் சங்கிலியை முழங்கையில் சுற்றியிருந்தான். நாய் அவனிடமிருந்து விலகிக் கதவுப் பக்கமே இழுத்துக்கொண்டிருந்தது.

"பாவம் அத்தான், மனுஷன் இடிஞ்சு போயிட்டார்," என்று முணுமுணுத்தான் மைத்துனன்.

"மாப்ளே, ரத்தம் தட்டுக்கு அடியில இருக்கு. அப்படின்னா எது முன்னாடி?"

"ரத்தம்... அப்போ அடிச்சதுக்கு அப்புறம்தான் தட்டு வெளிய வந்திருக்கு."

"யார் எடுத்தாங்க? கையுறை செத்தவ கையில இருக்கு. பிஸ்கட் தீஞ்சா புகை வரும், தெருவே கூடிடும். பட்டறைக்கு ஓடிப்போய் ஒண்ணும் தெரியாத மாதிரி திரும்பி வர்றவனுக்கு அவகாசம் வேணும். அவசரத்துல ஈரத்துணியால பிடிச்சிருப்பான். ஈரத்துணி சூட்டைத் தாங்காது." அவர் கணவன் பக்கம் திரும்பினார். "மாஸ்டர் கையில கொப்புளம் இல்ல. நீங்க ஏன் தம்பி சங்கிலியை முழங்கையில பிடிக்கிறீங்க?"

அவன் சங்கிலியை உதறினான். நாயை எட்டி உதைத்துவிட்டுச் சமையலறைக்குள் பாய்ந்து கத்தியை எடுத்தான். குறுக்கே விழுந்த மைத்துனனின் தோள் கிழிந்தது. இரண்டாம் முறை ஓங்கியபோது உள்ளங்கைக் கொப்புளங்கள் உடைந்து, கத்தி பிடியில் நிற்காமல் நழுவியது. இன்ஸ்பெக்டரின் தடி அவன் முழங்காலில் இறங்கியது.

"நாயையும் கூட்டிக்கிட்டுப் போயிடறேன்னு சொன்னா," என்றான் தரையில் கிடந்தபடி. "எத்தனை அடிச்சாலும் போகாதவ."

மாலையில் மாஸ்டரை இரண்டு பேர் தாங்கிக் காவல் நிலையத்திலிருந்து வெளியே கொண்டுவந்தார்கள். மூச்சை இழுக்கும்போதெல்லாம் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

"கொலைகாரனைப் பிடிச்சுட்டோம்மா," என்றார் இன்ஸ்பெக்டர், வாசலில் காத்திருந்த அவர் மனைவியிடம்.

"சரிங்க. இவருக்கு ரெண்டு எலும்பு போச்சே, அதுக்கு யாரைப் பிடிப்பீங்க?" என்றாள் அவள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். துப்பறிவாளர் ஓர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார்.

"முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. அப்புறம் புகார் குடுங்க. காலையில அந்தக் கண்ணை நானும் பார்த்தேன், சாட்சிக்கு வரேன்," என்றார், இன்ஸ்பெக்டருக்குக் கேட்கும்படியாகவே.