மட்டக்கம்பு

பண்டாரவளையில் வாங்கிய பழைய ஸ்கேனர் ரேடியோவோடு மதுஷா மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்தபோது, பட்டப்பகலிலேயே மூட்டம் இறங்கியிருந்தது.

அம்மா விஜயலெட்சுமியைக் குளவி கொட்டிக் கொன்று ஒரு மாதம். ஏழாம் நம்பர் மலையிலிருந்து, வேலை மேய்க்கும் கணக்கப்பிள்ளை அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வோக்கிடோக்கியில் லொறி கேட்டதை எல்லாப் பெண்களும் பார்த்தார்கள். தனக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்றார் தோட்டத்தை நடத்தும் துரை. தான் கேட்கவே இல்லை என்று கணக்கப்பிள்ளையும் மாறிவிட்டான். கூடை சுமக்கிறவள் சொல்வதை யார் எழுதிக்கொள்வார்கள்? நாளை விசாரணை. அதற்குள் இருவரும் ரேடியோவில் பேசி வைத்துக்கொள்வதைப் பிடித்தாக வேண்டும்.

துரையின் பங்களா இரண்டு மலை தள்ளி. ஒரே திசையைப் பார்க்கிற ஏரியல் வேண்டும். உடைந்த குடைகளின் கம்பிகளை அளந்து வெட்டி, மீன்முள் போல ஒரு நேர்க்கம்பில் வரிசையாகக் கட்டினாள்.

"கேம்பஸ் போய்ப் படிச்சது கொடைக்கம்பி பொறுக்கவா?" என்று சீண்டிக்கொண்டே வந்தான் பக்கத்து வீட்டு ரமேஸ், தோட்டத்து லொறி டிரைவர். நடுக்கம்பைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது.

"இது சின்னம்மாவோட மட்டக்கம்புல்ல? குழியில போடலியா தங்கச்சி?"

மட்டம் பார்க்கத் தேயிலைச் செடிமேல் வைத்துக் கொழுந்தெடுக்கிற கம்பு. இருபது வருஷம் அம்மாவின் கை தேய்த்து வழவழப்பாக்கியது. அம்மாவோடு புதைக்கக் கொடுக்க மனமில்லாமல் மதுஷா ஒளித்து வைத்திருந்தாள்.

இயர்போனை மாட்டிக்கொண்டு பங்களாப் பக்கம் நீட்டினாள். வெறும் இரைச்சல். மெல்லத் திருப்பினாள். ஏழாம் மலைக்கு நேராக வந்ததும் இரைச்சல் செத்தது.

பச்சைக் கொழுந்து வாசம்.

"லொறி அனுப்புங்கையா…"

நாக்கு தடித்துப்போன அம்மாவின் குரல்.

கம்பு அவள் பிடிக்குள் திரும்பியது. தன் பொருளை யாரோ கேட்காமல் வாங்கிக்கொள்வது போல.

பங்களாவைப் பார்த்து நின்றது.

குளவி இரைச்சல். அதற்குள்ளிருந்து துரையின் அலறல். "ரூமுக்குள்ள குளவி… லொறி… யாராவது லொறி அனுப்பு…"

லொறி லயத்து வாசலில்தான் நின்றது. சாவி ரமேஸின் விரலில் ஆடியது. லொறிக்குள் இருந்த வோக்கிடோக்கி மூச்சுவிடவில்லை.

"என்ன, ஏதாச்சும் கேக்குதா?"

மதுஷா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒன்னுமில்லண்ணே."

அலறல் அடங்கும்வரை கேட்டாள். பிறகு பேட்டரியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் நடந்தது வேறு விசாரணை. ஜன்னலெல்லாம் பூட்டிய அறையில் குளவி எப்படி வந்தது என்று பொலிஸுக்குப் புரியவில்லை. ஏதாவது கேட்டதா என்று அவளிடமும் கேட்டார்கள்.

"எந்த அழைப்பும் வரவில்லை" என்றாள்.

வீட்டுக்கு வந்தாள். பேட்டரி இல்லாத ரேடியோ மேசைமேல் முனகிக்கொண்டிருந்தது. மட்டக்கம்பில் கை பிடிக்கிற இடத்தில் கொழுந்துச் சாறு ஈரமாக இருந்தது.

கம்பு கணக்கப்பிள்ளையின் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.