பாலத்தூணில் ஒரு சிவப்புக் கோடு

காலை ஏழு மணி. வெள்ளம் வடிந்திருந்தது. பெரியவர் கட்டிலிலேயே இறந்து கிடந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. நடக்க முடியாதவரைத் தூக்கிப் போவதற்காக இரண்டு பக்கமும் கழி வைத்து ஸ்க்ரூ போட்ட நாற்காலி. இன்ஸ்பெக்டர் அம்மா கைக்குட்டையால் சேற்றைத் துடைத்தார். பித்தளை ஸ்க்ரூ பளபளத்தது.

"இதுல துப்பறிய என்ன இருக்கு மேடம்? இந்தம்மா தூங்கிட்டாங்க," என்றார் நகராட்சி என்ஜினியர். "பாலத்தூண்ல ஒரு பலகை. அதுல சிவப்புக் கோடு. தண்ணி அதைத் தொட்டா விசில் ஊதணும், தெருவே பள்ளிக்கூட மாடிக்குப் போயிடணும். நாங்களும் தெருக்காரங்களும் உட்கார்ந்து பேசி வச்ச உயரம். வீட்டுக்குள்ள தண்ணி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே தொட்டுடும்."

இந்தம்மா என்றது பெரியவரின் மகளை. தெருவுக்கு வெள்ளக் காவல் அவள்தான். சம்பளம் கிடையாது, பழி மட்டும் உண்டு. அவள் அழவில்லை. அழுகை எங்கே போய்த் தொலைந்ததோ.

"தூங்கினீங்களா?"

"டார்ச் அடிச்சுப் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். தண்ணி கோட்டைத் தொடவேயில்ல. திரும்பினா தெருவுல தண்ணி. ஓடி வந்தேன். 'தூங்கிட்டியாடி?'ன்னு அப்பா கேட்டாரு. என்னால ஒத்தையா தூக்க முடியல." கட்டிலைப் பார்த்தாள். "கண்ணசந்துட்டேனோ என்னவோ. தெரியல."

ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, பாவம்.

நைட் ஷிப்ட் முடிந்து வந்த அவள் கணவர், இடுப்பு பெல்ட்டோடு சுவரில் சாய்ந்து நின்றார்.

"மாமனாரை யார் தூக்குவீங்க?"

"நானும் பக்கத்து வீட்டுக்காரரும். நாற்காலியைச் செஞ்சதே நான்தான். இந்த மழைக்கு மூணு தடவை விசில். மூணு தடவையும் தண்ணி வரல. தெருவே சிரிச்சுது."

எல்லோரும் பாலத்துக்குப் போனார்கள். பலகை ஒரு கை நீளம். எண் எதுவும் கிடையாது, மேல்பாதியில் கோடு மட்டும்.

"சார், பெயின்ட் எந்தப் பக்கம் வழியும்?"

என்ஜினியர் முறைத்தார். "இதென்ன கேள்வி? கீழதான்."

"இங்க மேல வழிஞ்சிருக்கே."

கோட்டிலிருந்து மூன்று சொட்டு மேல்நோக்கி ஓடிக் காய்ந்திருந்தது.

"பலகையைக் கழட்டித் தலைகீழா மாட்டியிருக்காங்க. கீழ இருந்த கோடு மேல போயிடுச்சு. நீங்க போட்டது என்ன ஸ்க்ரூ?"

"இரும்பு."

"இது பித்தளை. பெரியவர் நாற்காலியில இருக்கிற அதே பித்தளை." இன்ஸ்பெக்டர் கணவர் பக்கம் திரும்பினார். "எப்ப மாத்துனீங்க?"

அவர் மறுக்கவில்லை. "போன வாரம். இடுப்பு விட்டுப்போச்சுங்க. 'சும்மா சும்மா என்னைத் தூக்கிட்டுத் திரியாதீங்க'ன்னு மாமாவும் கத்தினாரு. இன்னும் கொஞ்சம் ஏறின பிறகு ஊதட்டுமேன்னுதான்..."

மகள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ நான் தூங்கல," என்றாள். "மேடம், நான் தூங்கலதானே?"

"தூங்கலம்மா."

அவள் தலையை ஆட்டினாள்.

"அப்பாவுக்குத்தான் தெரியாமப் போச்சு."