மூச்சு விடாதே, தக்காளி!

"ஐயோ... கொன்னுட்டாங்க!"

இளம் விஞ்ஞானி உமா மகேஸ்வரியின் அலறலில் ஐந்தருவி ரோட்டு ஆராய்ச்சிப் பண்ணையே அதிர்ந்தது.

தென்காசியிலிருந்து ஜீப் பறந்து வந்தது. சப்-இன்ஸ்பெக்டர் சங்கிலிப்பாண்டி குதித்தார்.

"பாடி எங்கம்மா?"

"இந்தா... நிக்குதே சார்!"

பசுமைக்குடில் முழுக்கத் தக்காளிச் செடிகள். தலை தொங்கி, இலை கருகி...

"ஏம்மா, பாவூர்சத்திரம் மார்க்கெட்ல இது கூடை கூடையா கெடக்கு. இதுக்கா போலீசு?"

"இது வேற சார்! இலை மூச்சு விடுத துளை இருக்குல்லா? அது வழியாத்தான் தண்ணி ஆவியாப் போவுது. 'பக்கத்துல இன்னொரு துளை வேண்டாம்'னு தடுக்க ஒரு ஜீன் இருக்கு. அதத் தூண்டிவிட்டு, துளையப் பாதியாக் குறைச்சேன். கொஞ்சத் தண்ணியிலயே காய்க்கும். அஞ்சு வருச உழைப்பு... இன்னும் ஒரு விதைகூட எடுக்கல சார்!"



"சதி! சர்வதேச சதி!"

இயக்குநர் டாக்டர் தளவாய் நுழைந்தார். பெயருக்கு முன்னால் இரண்டு பட்டம், பின்னால் நாலு பட்டம். நடுவில்தான் ஆள் கொஞ்சம்!

"நாளைக்கு மந்திரி வாராரு ஓய்! கொலைகாரனப் பிடியும்!"

சங்கிலிப்பாண்டி ஓர் இலையைத் தடவினார்.

வழவழ...

முகர்ந்தார்.

"எண்ணெய் தேச்சுக் குளிக்குத மெயின் அருவில சீசன் டூட்டி பாத்த மூக்கு சார் இது. மசாஜ் எண்ணெய்! எவன்லே இலைக்குத் தேச்சது?"

தளவாய் கம்பீரமாகக் கனைத்தார்.

"நாந்தான் ஆள் விட்டுத் தேய்க்கச் சொன்னேன். ரெண்டு பக்கமும்! மந்திரியோட போட்டோவுல மினுங்க வேண்டாமா?"

உமா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள்.

"சார்... மிச்சமிருந்த துளையும் அடைச்சிருக்குமே!"

"அதுக்கென்ன? துளை குறைஞ்சா நல்லதுன்னு நீதானம்மா சொன்ன? அறவே இல்லாட்டி இன்னும் நல்லதுல்லா!"

உமா சோப்புத் தண்ணீரோடு ஓடினாள். ஓர் இலையைக் கழுவினாள்.

இலை கையோடு வந்தது.

அடுத்ததும்...

"இவர அரெஸ்ட் பண்ணுங்க சார்!"

"தக்காளியக் கொன்னா செக்‌ஷன் இல்லியேம்மா..."

தளவாய் அதற்குள் போனில் இருந்தார். "ஆமாய்யா, மந்திரிகிட்ட சொல்லிருங்க. உமா மகேஸ்வரின்னு ஒரு பொண்ணு. ஒழுங்காக் கவனிக்கல. இன்னைக்கே வேலைய விட்டுத் தூக்கிருதேன்."

உமா நின்றாள். கையில் ஈர இலை.

சங்கிலிப்பாண்டி தொப்பியைச் சரிசெய்தார்.

"சார்... ஒங்க மூக்குலயும் ரெண்டு துளை இருக்கே. எண்ணெய் விட்டு அடைச்சிருவமா? போட்டோவுல இன்னும் மினுங்குவீயள்லா!"