நார் போட்ட சரிவுப் பாதை

"அதுல இன்னும் தண்ணி ஊத்தாதடா..."

"ஊத்தாம எப்படிண்ணே, கலவை கல்லு மாதிரி..."

"கல்லாத்தான்டா ஆகணும். அதுக்குப் பேருதான் கான்கிரீட்."

"இப்பவே ஆயிட்டா எதை எடுத்துப் போடுவ?"

அப்பாவும் சித்தப்பாவும் காலையிலிருந்து இப்படித்தான். இருவரும் கொத்தனார்கள். அடுத்தவர் வீட்டுச் சுவரை வாய் திறக்காமல் கட்டி முடிப்பார்கள். சொந்த வீட்டு வேலை என்றால் மட்டும், கைக்கு முன்னால் வாய் வேலைக்கு வந்துவிடும்.

வாசலில் மிளகு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பத்து வயது. ஆள் சிறிசு, பேச்சு காரம். அதனால் வந்த பெயர் அது. பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவள் தம்பி.

வாசலிலிருந்து தெருவுக்கு இறங்கும் சரிவுப் பாதை அவனுக்காகப் போட்டது. மலையூர் என்பதால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அது உடைந்துவிடும். கான்கிரீட்டுக்குள் ஊறிய தண்ணீர் பனியில் உறைந்து உப்பும். உப்பினால் வெடிக்கும். வெடிப்பில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். அப்புறம் குளிர் முடியும்வரை தம்பியை யாராவது தூக்கித்தான் இறக்க வேண்டும்.

"மூட்டை மாதிரி தூக்குறாங்க அக்கா," என்பான் அவன். "சித்தப்பாவாவது பரவாயில்ல, வெங்காய மூட்டை. அப்பா தூக்குனா சிமெண்ட் மூட்டை. தொப்புன்னு இறக்குறாரு."

இந்த முறை பாதையை மறுபடி போட, சித்தப்பா இரண்டு பை நார் வாங்கி வந்திருந்தார். வெள்ளை நார், முடி போல மெல்லியது, விரல் நீளம்கூட இல்லை. கலவையில் சேர்த்தால் வெடிப்பு விரியாமல் இழுத்துப் பிடிக்கும் என்றார்.

சொன்னது சரிதான். ஆனால் முதல் பையைக் கிழித்து, கலவை சுற்றும் மெஷினில் அப்படியே கவிழ்த்துவிட்டார். நார் உருண்டை உருண்டையாக வெளியே வந்தது.

அப்பா ஒன்றைக் கரண்டியில் ஏந்திக் காட்டினார். "இது என்னடா? பூனை கக்குனதா?"

"நாருண்ணே."

"ஒரு மெஷின் கலவை போச்சு."

இப்போது இரண்டாவது கலவை சுற்றிக்கொண்டிருந்தது. சித்தப்பா கையில் தண்ணீர்க் குழாய்.

"தண்ணி கொஞ்சம் கூட இருந்தா நார் தானா கரைஞ்சு பரவிடும்ணே."

"நார் என்ன சர்க்கரையா, கரையறதுக்கு? அதிகமா ஊத்துன தண்ணி காய்ஞ்சு, உள்ள ஓட்டை ஓட்டையா விட்டுட்டுப் போகும். பனி வந்து அதுலதான் குடியேறும். நாரே வேண்டாம். எப்பவும் போல போடு."

"எப்பவும் போல உடையட்டும்."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்பா," என்றாள் மிளகு.

"இரும்மா."

"சித்தப்பா."

"இரு கண்ணு, உங்கப்பாவுக்குப் பதில் சொல்லிட்டு வரேன்."

இவர்கள் பேசி முடிப்பதற்குள் குளிர்காலமே வந்துவிடும் என்று நினைத்தாள். கீழே கிடந்த ஓர் உருண்டையை எடுத்துப் பிய்த்தாள். வெளியே சிமெண்ட் பூசியிருந்தது. உள்ளே நார் ஈரம்கூடப் படாமல் அப்படியே இருந்தது.

அவள் எழுந்தாள். மீதிப் பையைத் தம்பி மடியில் வைத்தாள். காலி வாளி ஒன்றை அவன் கையெட்டும் இடத்தில் வைத்தாள்.

"கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு வாளியில போடு. ஒண்ணோட ஒண்ணு ஒட்டக் கூடாது. அப்புறம், நாற்காலியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளு. இன்னும். ஆங், அங்கேயே நில்லு."

சக்கரம் ரப்பர் குழாயின் மேல் ஏறி நின்றது. சித்தப்பா கையில் தண்ணீர் சொட்டு சொட்டாகி, நின்றே போனது.

"ஏண்ணே தண்ணியை மூடுன?"

"நான் இங்கதானடா நிக்கிறேன்."

"அப்ப குழாய் தானா மூடிக்கிச்சா?"

இருவரும் வாதாடிக்கொண்டே வீட்டுப் பின்பக்கம் போனார்கள். குழாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்து பார்த்துவிட்டு வாதாடிக்கொண்டே திரும்பினார்கள். அதற்குள் வாளி நிறையப் பஞ்சு போல உதிரி நார்.

மிளகு வாளியை நீட்டினாள். உடைத்த உருண்டையையும் காட்டினாள். "உள்ள ஈரமே படல, பாருங்க. மொத்தமா கொட்டினா ஒண்ணையொண்ணு கட்டிப் பிடிச்சுக்குது. பிடி பிடியா தூவுங்க. தண்ணி வேண்டாம்."

அப்பா பார்த்தார். சித்தப்பா பார்த்தார். அன்றைக்கு முதல்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் சும்மா இருந்தார்கள்.

பிறகு சித்தப்பா தூவினார். ஓர் உருண்டைகூட வரவில்லை.

"கெட்டியாத்தான் இருக்கு," என்று முனகினார்.

"நல்லா குத்தி இறுக்கு. கை எதுக்கு இருக்கு?" என்றார் அப்பா.

முதல் பனி விழுந்தது. இரண்டாவது, மூன்றாவதும் விழுந்தன. தினமும் காலையில் மிளகு பாதையைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே வந்து சொல்வாள்: "ஒண்ணும் ஆகல."

குளிர் தணிந்த ஒரு காலையில் அப்பாவும் சித்தப்பாவும் அந்தப் பாதையின் நடுவே நின்றார்கள்.

"நார் என் யோசனைண்ணே."

"தண்ணி ஊத்தாதேன்னு சொன்னது யாருடா? நான் மட்டும் சொல்லலைன்னா..."

"நான் வாங்கிட்டே வரலைன்னா..."

மேலே கதவு திறந்தது. தோளில் பள்ளிப் பை, சக்கரங்களில் இரண்டு கை. யாரும் தூக்காமல் தம்பி பாதையின் மேல்முனையில் வந்து நின்றான். பின்னால் மிளகு சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

தம்பி பெருமூச்சு விட்டான்.

"பேசி முடிச்சாச்சுன்னா ரெண்டு பேரும் கொஞ்சம் வழி விடுறீங்களா? எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகுது."