பதினொரு பெட்டிக்குக் கேதம்

"ஏலே, பதினொரு பெட்டித் தேனீயும் மாரடிச்சு ஒப்பாரி வச்சதை இந்தக் காதால கேட்டவன் நான். அந்த வருசம் எடுத்த தேனு உப்புக் கரிச்சுச்சு. கண்ணீரு கலந்தா கரிக்காம இனிக்குமாக்கும்?"

ஏலத்தோட்டத்துத் துரையின் பங்களாவில் சமைக்கிற குசினிக்காரர் சீனிச்சாமி இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று எண்ணப் புகுந்தால், அதற்குள் போடி மலையிலுள்ள ஏலச்செடிகளை எல்லாம் எண்ணி முடித்துவிடலாம். துரைசானி காய்ச்சலில் போன அன்றைக்குத் துரை வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொரு தேன்பெட்டியையும் மூன்று தட்டுத் தட்டி, "உங்க எசமானி செத்துப்போனா" என்று குனிந்து சொன்னாராம். பெட்டிக்கொரு கறுப்புத் துணி கட்டினாராம். உடனே உள்ளேயிருந்து சன்னமாய்த் தொடங்கி, மார்க்கையன்கோட்டைப் பெண்டுகள் மொத்தமும் வட்டம் கட்டி அழுத மாதிரி ஒரு சத்தம் கிளம்பி, அதைக் கேட்டு மலைக்கு அந்தப் பக்கம் மேய்ந்த யானையெல்லாம் கண்ணைத் துடைத்ததாம்.

துரைக்குச் சீமையிலே டெவன் என்றொரு ஜில்லா. வீட்டில் சாவு விழுந்தால் தேனீக்களுக்கும் போய்ச் சொல்லுவது அந்த ஊர் வழக்கம். அங்கே பாதிப் பேர் குடியானவர்கள், மீதிப் பாதி பேய்கள் என்பது சீனிச்சாமியின் கணக்கு. சோற்றுத் தட்டு அகலத்துக்குக் கண் வைத்த கறுப்பு நாய், வழியை மறைத்துச் சுற்றவிடும் முழங்கால் உயரக் குட்டிப் பேய், அதற்கு மாற்றாகச் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நடக்கிற ஜனங்கள். துரை சொன்னது ஒரு படி என்றால் சீனிச்சாமி அளந்தது ஒரு மரக்கால்.

கூலிக்காரர்கள் ஏலக்காய்ச் சாக்கில் சாய்ந்து சிரிப்பார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவன் கங்காணி நல்லகண்ணு.

"யோவ் குசினி, ஈயெல்லாம் நம்ம மலை ஈ. பெட்டிதான்யா சீமைப் பெட்டி. டெவன் வழக்கத்தை அதுக்கு எவன் சொன்னான்?"

"துரைதான் சொன்னாக. பதினஞ்சு வருசமா சாயந்தரமானா அங்கன நாற்காலியப் போட்டு உக்காந்து, அதுகளுக்குக் கதை சொல்லிக்கிட்டுல்ல இருக்காக."

முப்பத்தாறாம் வருஷம் ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை, செத்துப்போன துரையைக் கம்பளியில் போட்டு நாலு பேர் தூக்கி வந்தபோது, நல்லகண்ணு முன்னால் நடந்தான். பாதை பலாமரத்து நிழலில் வரிசையாயிருந்த பெட்டிகளை ஒட்டிப் போயிற்று. வெயில் ஏறிவிட்ட நேரம். தினமும் அந்த நேரத்தில் மாவரைக்கும் எந்திரம்போல் இரையும் இடம். அன்றைக்குச் சத்தமில்லை. ஈக்கள் எல்லாம் பெட்டிக்கு வெளியே வந்து, பலகை தெரியாமல் அப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. எல்லாவற்றின் தலையும் பாதையைப் பார்த்து இருந்தது.

துரையைப் பார்க்கின்றன என்று நினைத்தான். நாலடி போனதும், அவை துரையைப் பார்க்கவில்லை என்று தோன்றியது.

நடந்தது நல்லகண்ணு ஒருவனுக்குத்தான் தெரியும். முந்தின நாள், காய் பறிக்கிற ராஜாத்தியின் கையை அவன் தடியால் அடித்து ஒடித்திருந்தான். அதைப் பார்த்த துரை, விடிந்ததும் மலையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். விடிந்தது. துரை வழக்கம்போல் மேட்டுப் பாறைக்கு நடக்கப் போனார். பின்னாலேயே போன நல்லகண்ணு, அரிவாளைத் திருப்பிப் பிடித்து அதன் பின்பக்கத்தால் பிடரியில் மூன்று அடி வைத்துப் பள்ளத்தில் தள்ளினான். பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார் என்று கத்திக்கொண்டு ஓடி வந்தவனும் அவனேதான். போடியிலிருந்து போலீஸ் வர உச்சி தாண்டும். அதுவரைக்கும் முகம் மாறாமல் நின்றுவிட்டால் கழுத்து தப்பும்.

சீனிச்சாமி சாவியோடு வந்தார். ஒரு சாண் நீளத்து இரும்புச் சாவி. மறு கையில், துரையின் குடையைக் கிழித்து எடுத்த கறுப்புத் துணி.

"கங்காணி, கேதம் சொல்லணும்."

"எவனுக்கு?"

"பெட்டிகளுக்கு. செத்த செய்திய நம்ம ஊர்லயும் கூட இருந்து பாத்தவந்தானே போய்ச் சொல்லுவான்? எப்படிச் செத்தாருன்னும் சேத்துச் சொல்லணும். நீதானே அங்கன கூட இருந்தே."

"வேலையப் பாத்துக்கிட்டுப் போய்யா, கிறுக்கா."

"சொல்லிட்டுத்தான் போயேன் கங்காணி," என்றது ஒரு குரல். ராஜாத்தி. ஒடிந்த கையைச் சேலைத் துணியில் தூளி கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தாள். "அந்த மனுசன் ஆசைப்பட்டது. சொல்றதுக்கென்ன, வாயா வலிக்கப் போகுது?"

அவளுக்குப் பின்னால் நாற்பது பேர் நின்றார்கள். போலீஸ் இந்த நாற்பது பேரையும் விசாரிக்கும். நல்லகண்ணு சிரித்துக்கொண்டே சாவியை வாங்கினான்.

முதல் பெட்டி. ஏலக்காய் காயும் வாசமும், வெயிலில் உருகும் மெழுகின் வாசமும் ஒன்றாய் வந்தன. சாவியால் தட்டினான்.

டொக். துரை திரும்பிப் பார்த்தார், தொப்பி விழுந்தது. டொக். முழங்கால் மடங்கியது. டொக். பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய்ச் சத்தம்.

கை தானாக நின்றது. மூன்று தட்டு. அங்கேயும் மூன்று.

"துரை போயிட்டாரு. பாறையில வழுக்கி விழுந்துட்டாரு."

ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு ஈ கிளம்பி, அவசரமில்லாமல் ஒரு சுற்றுச் சுற்றி, அவன் வலது மணிக்கட்டில் உட்கார்ந்தது. கொட்டவில்லை. சீனிச்சாமி துணியைக் கட்டிவிட்டு, "அடுத்தது," என்றார்.

இரண்டாவது பெட்டியில் பத்து ஈ வந்தது. மூன்றாவதில் ஒரு பிடி. எல்லாம் வலது கைக்கே வந்தன. அரிவாள் பிடித்த கை. நான்காவது பெட்டிக்குக் குனிந்தபோது துவாரத்திலிருந்து துரையின் சுருட்டு வாசம் அடித்தது. அதற்கு அடியில் இன்னொரு வாசம். காலையில் ஓடைத் தண்ணீரில் மூன்று முறை கழுவியும் நகக்கண்ணில் நின்ற வாசம்.

"வழுக்கி விழுந்துட்டாரு," என்றான். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது.

ஐந்தாவதில் முழங்கைவரை ஏறிவிட்டன. கை கனத்தது, ஈரச் சாக்கைச் சுமப்பதுபோல. இடது கையால் ஓங்கி அறைந்தான். ஒரு பத்து நசுங்கிப் பிசுபிசுத்தன. நசுங்கிய இடத்திலேயே வேறு பத்து வந்து உட்கார்ந்தன. மறுபடி அறைந்தான். மறுபடி வந்தன. ஒன்றுகூடக் கொட்டவில்லை. கொட்டினால் தேவலை. கொட்டினால் அது ஈ. கொட்டாமல் கனத்துக்கொண்டிருப்பதை என்னவென்று சொல்வது?

"போதும்யா."

"இன்னும் ஆறு இருக்கு, கங்காணி."

ஆறாவது பெட்டி பேசியது. பேச்சில்லை, மூச்சு. கர்ர்... கர்ர்... பள்ளத்தில் கேட்ட மூச்சு. அவன் பாறை வழியே இறங்கிப் போய்ப் பார்த்தபோது துரைக்கு உயிர் இருந்தது. கண் திறந்து இவனைப் பார்த்தார். உதடு அசைந்தது. நல்லகண்ணு செருப்புக் காலைத் தொண்டையில் வைத்து, சத்தம் நிற்கிறவரைக்கும் மிதித்தான். அதைச் சூரியன்கூடப் பார்க்கவில்லை. மரம் அவ்வளவு அடர்த்தி.

ஈக்கள் இப்போது அவன் தொண்டைக்கு ஏறின. ஒரு பாதத்தின் அகலத்துக்குப் பரவின. அழுத்தின.

ஏழு. எட்டு. சாவி மட்டும் டொக், டொக், டொக் என்றது. தட்டுவது தானில்லை என்று பட்டது. கை தட்டியது. கையை அவை தூக்கித் தூக்கி வைத்தன.

ஒன்பது. பிடரியில் மூன்று இடம். அடி விழுந்த அதே மூன்று இடம். சூடு.

ஓடலாம் என்று நினைத்தான். கால் வரவில்லை. குனிந்து பார்த்தான். கால் தெரியவில்லை. பழுப்பாய், பளபளப்பாய், இரண்டு தூண்.

பத்து. காது அடைத்தது. உள்ளே ஒரு ஈ ஊர்ந்து போயிற்று. நிதானமாய். இடம் தேடி.

பதினொன்று.

இமையின் மேல் வந்தன. கண்ணை மூடிக்கொண்டான். மூடிய கண்ணின் மேல் கனத்தன. மூக்குத் துவாரத்தை விளிம்புகட்டி உட்கார்ந்தன. வாயை மட்டும் தொடவில்லை. உதட்டைச் சுற்றி ஒரு விரல் இடம் சுத்தமாய் விட்டிருந்தன.

சொல்வதற்கு.

"வழு..." என்றான். ஒன்று நாக்கின் மேல் வந்து உட்கார்ந்தது.

வாயை மூட முடியவில்லை. ஈ நாக்கில் அசையாமல் இருந்தது, அடுத்த எழுத்துக்குக் காத்திருப்பதுபோல.

இரைச்சலுக்கு அப்பால், வெகு தூரத்தில், சீனிச்சாமியின் குரல் கேட்டது. "ஆத்தா ராஜாத்தி... நான் சொன்னதெல்லாம் புளுகு ஆத்தா. துரைசானி செத்த அன்னைக்கு ஈ எதுவும் அழுகல. துரை சாவியத் தட்டிட்டுச் சும்மாதான் திரும்பி வந்தாக. இது என்னன்னு எனக்குத் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

ராஜாத்தி ஒரு எட்டு முன்னால் வந்தாள். "முதப் பெட்டியிலருந்து திரும்பச் சொல்லு, கங்காணி," என்றாள்.

நாக்கிலிருந்த ஈ எழுந்து வெளியே போயிற்று.

தலையிலிருந்து கால்வரை கண்ணும் காதும் இல்லாத ஒரு பழுப்பு உருவம், வாயிருந்த இடத்தில் சிவப்பாய் ஒரு பொத்தலோடு, யாரும் கைபிடிக்காமல், வரிசையின் தொடக்கத்துக்கு நேராக நடந்து போய் நின்றது. கையாயிருந்தது மேலே எழுந்தது. டொக். டொக். டொக்.

"நடந்தது இதுதான்," என்றது நல்லகண்ணுவின் குரல். "வழுக்கல. நாந்தான் அடிச்சேன். கீழ விழுந்தும் உசுரு இருந்துச்சு. மிதிச்சேன்."

பொத்தல் மூடவில்லை. ஒரு ஈகூட எழவில்லை. உருவம் இரண்டாவது பெட்டிக்கு நகர்ந்து, குனிந்து, சாவியை ஓங்கியது.

"நடந்தது இதுதான்."