மீட்டருக்குக் கைதட்டு

பந்தயக் கார் கடைசி வளைவில் திரும்பும்போது கம்ப்யூட்டர் மறுபடியும் பொசுக்கென்று அணைந்துபோனது.

அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டான். "போச்சு! ஜெயிக்கிற நேரம் பார்த்து உயிரை விடுது!"

கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்த தங்கை நிமிர்ந்து பார்த்தாள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் அணைந்தால் வாலுவுக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். ஒரு நாளாவது அவளுக்கு ஆடக் கொடுத்திருக்கிறானா, என்ன?

அண்ணனுக்குப் பக்கத்தில் அவன் நண்பன் உட்கார்ந்திருந்தான். எதைக் கேட்டாலும் கையில் பதில் வைத்திருப்பான். அதனால் தெருவே அவனுக்கு மேதாவி என்று பெயர் வைத்துவிட்டது.

"பவர் சப்ளை பத்தலடா" என்றான் மேதாவி. "கம்ப்யூட்டருக்குள்ள எல்லாத்துக்கும் கரண்ட் கொடுக்கிற பெட்டி. உன்னோடது வெறும் ஐந்நூறு வாட். கேம் ஆடணும்னா ஆயிரமாவது வேணும். நான் இப்போ ஆயிரத்து இருநூறுக்கு மாறிட்டேன். என் பழைய ஆயிரம் வாட் பெட்டி சும்மாதான் கிடக்கு."

"எனக்குத் தருவியா?"

"உங்க சைக்கிளைக் குடு. சாயங்காலம் பெட்டியோட வரேன்."

வாலுவின் பென்சில் நின்றுவிட்டது.

"சரிடா" என்றான் அண்ணன்.

மேதாவி போனதும் வாலு எழுந்து வந்தாள். "அது என் சைக்கிளும்தான்!"

"உனக்கும் கேம் ஆடத் தரேன், போதுமா? கம்ப்யூட்டர் சரியாக வேண்டாமா?"

வேண்டும்தான். அதுதான் கஷ்டம். சைக்கிளும் வேண்டும், அண்ணனின் கம்ப்யூட்டரும் சரியாக வேண்டும். அழுதால் அம்மா வந்து சைக்கிளைக் காப்பாற்றிக் கொடுப்பாள். ஆனால் அண்ணன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். அப்படிக் கிடைத்த சைக்கிளை ஓட்டினால் சந்தோஷமாக இருக்குமா?

யோசித்துக்கொண்டே அம்மாவின் தையல் அறைக்குப் போனாள்.

அம்மா தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். வாலு எதிரில் உட்கார்ந்து இஸ்திரிப் பெட்டியையே பார்த்தாள். அதன் பின்புறம் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆயிரம் வாட்!

"அம்மா, இஸ்திரி போட்டா மீட்டர் என்ன ஆகும்?"

"பேய் பிடிச்ச மாதிரி மினுக்கும். ஏன், பில்லு நீ கட்டப் போறியா?"

வாலு ஒரே ஓட்டமாக அண்ணனிடம் போனாள். "அண்ணா, நம்ம கம்ப்யூட்டர் எவ்வளவு கரண்ட் சாப்பிடுதுன்னு பார்த்துடலாம். வாசல்ல மீட்டர்ல சிவப்பு லைட் இருக்குல்ல? கரண்ட் நிறைய போனா வேகமா மினுக்கும். கம்மியா போனா மெதுவா மினுக்கும்."

அண்ணன் கண்ணைச் சுருக்கினான். "சைக்கிளுக்காகத்தானே இந்த நாடகம்?"

அவன் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது. லைட் மெதுவாக மினுக்க வேண்டும் என்று வாலுவின் மனம் இப்போதே வேண்டிக்கொண்டிருந்தது. இந்த மனதை வைத்துக்கொண்டு எண்ணினால் தன் எண்ணிக்கையைத் தானே நம்ப முடியாதே!

"ஆமா, எனக்குச் சைக்கிள் வேணும்" என்றாள். "அதனால நான் பார்க்க மாட்டேன். நீயே பாரு. ஒவ்வொரு மினுக்கலுக்கும் ஒரு கை தட்டு. நான் காதால கேட்டுக்கறேன்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

வீட்டில் மின்விசிறி, விளக்கு, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். "இதென்னடி கூத்து?" என்ற அம்மாவிடம் இஸ்திரிப் பெட்டியை மட்டும் போடச் சொன்னார்கள்.

வாசலில் அண்ணன் தட்ட ஆரம்பித்தான். பட் பட் பட் பட்!

"யாருக்குடா இவ்வளவு கைதட்டல்?" என்று எதிர்வீட்டு மாமா எட்டிப் பார்த்தார்.

"மீட்டருக்கு மாமா!"

அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினார்கள். இனி கம்ப்யூட்டர். அண்ணன் மீட்டரைப் பார்க்க வேண்டுமென்றால் கேமை வேறு யாராவது ஆடித்தானே ஆக வேண்டும்? வாலு அண்ணனின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். காரை நேராகக் கொண்டுபோய்ச் சுவரில் மோதினாள். திருப்பி எடுத்து மரத்தில் மோதினாள். இவ்வளவு சுகமான விஷயத்தையா இத்தனை நாள் ஒளித்து வைத்திருந்தான்!

வாசலிலிருந்து சத்தம் வந்தது. பட்.

கொட்டாவி விடுகிற அளவுக்கு இடைவெளி.

பட்.

"அண்ணா, தூங்கிட்டியா?"

"இல்லடி! அவ்வளவுதான் மினுக்குது!" அண்ணன் குரலில் ஆச்சரியம். "இஸ்திரிப் பெட்டி சாப்பிடுறதுல பாதிகூட இல்ல! அப்போ நம்ம ஐந்நூறு வாட்டே தாராளம். மேதாவிகிட்ட இருக்கிறது கேம் படத்தைக் காட்டுற ராட்சச கிராபிக்ஸ் கார்டு, அதுக்கு வேணும்னா பெரிய பெட்டி தேவையா இருக்கும். நம்ம கார்டு சின்னதுதானே? அப்புறம் ஏன் இது—"

பொசுக். கம்ப்யூட்டர் அணைந்தது.

வாலு தன்னையறியாமல் அதன் மேல் கைவைத்தாள். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். இப்போதுதான் இஸ்திரி போட்ட துணி போலச் சுட்டது.

ஆம், துணிதான். அம்மா எதற்கும் உறை தைத்துவிடுவாள். ரிமோட்டுக்கு உறை, குடைக்கு உறை, உறைகளைப் போட்டு வைக்கும் பைக்கும் ஓர் உறை. கம்ப்யூட்டர் வாங்கியதும் மிச்சமிருந்த நீல வெல்வெட்டில், தூசி நுழையாமல் கச்சிதமாக ஒன்று தைத்துப் போட்டிருந்தாள். முன்பக்கம் மட்டும் திறந்திருந்தது. மேல்பக்கத்திலும் பின்பக்கத்திலும் காற்று வெளியேறும் ஓட்டைகளெல்லாம் வெல்வெட்டுக்குள் மூச்சு முட்டிக்கொண்டிருந்தன.

அண்ணன் ஓடி வந்து தொட்டுப் பார்த்தான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவருகே அம்மா நின்றாள். "என்ன ஆச்சு?"

அண்ணன் கால் நகத்தைப் பார்த்தான். அம்மா ஆசை ஆசையாகத் தைத்த உறை அது. எப்படிச் சொல்வது?

வாலு உறையைக் கழற்றி, வெதுவெதுப்பாக அம்மாவின் கையில் கொடுத்தாள். "அம்மா, கம்ப்யூட்டருக்குக் காய்ச்சல். நாம இதுல மூக்கு வெக்க மறந்துட்டோம்."

அம்மா துணியைத் தடவினாள். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு நிமிடம் முகம் சுருங்கியது. அப்புறம் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அடக் கடவுளே! கோடைகாலத்துல கம்பளி போட்டு மூடியிருக்கேனே! அந்த வலைத்துணியையும் கத்தரிக்கோலையும் எடுங்க."

காற்று போகும் இடமெல்லாம் வெட்டி வலைத்துணி வைத்துத் தைத்தாள். "கேம் ஆடும்போது இதையும் கழற்றிடுங்க" என்றாள். அன்று அண்ணன் கடைசி வளைவைத் தாண்டினான். அதற்கு அடுத்த பந்தயத்தையும் ஆடினான். கம்ப்யூட்டர் அணையவே இல்லை.

சாயங்காலம் மேதாவி பெட்டியை இரண்டு கையாலும் சுமந்துகொண்டு வந்தான். அண்ணன் நடந்ததையெல்லாம் சொன்னான்.

"ஓ" என்றான் மேதாவி. "அப்போ சைக்கிள் கிடையாதா?"

வாலுவுக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் கண்ணில் மேதாவியின் கால்சட்டை பட்டது. சைக்கிள் சங்கிலியில் மாட்டாமலிருக்க அதை முழங்கால்வரை மடித்துக்கொண்டு வந்திருந்தான். சைக்கிளை இழந்துவிட்டதாகக் காலையில் தனக்கு எப்படி இருந்ததோ, இப்போது அவனுக்கு அப்படி இருக்குமோ?

"சைக்கிள் ஓட்டத் தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

எதற்கும் பதில் வைத்திருப்பவன் தரையைப் பார்த்தான். "வீடியோல பார்த்திருக்கேன்."

அண்ணன் சிரிக்க வாயெடுத்தான். வாலு அவன் காலை மிதித்தாள்.

"சைக்கிளைத் தர முடியாது. ஆனா தினமும் சாயங்காலம் வாங்க, நான் கத்துத் தரேன். நீங்க நல்லா ஓட்டுற வரைக்கும்."

மேதாவி பெட்டியைப் படியில் வைத்துவிட்டு வேகமாக வந்தான். சைக்கிளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். டயரை அமுக்கினான்.

"இதுக்கு எத்தனை கியர்?"

"ஒண்ணுகூட இல்ல."

"கியரே இல்லாம எப்படிப் போகும்?"

வாலு இருக்கையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறி உக்காருங்க, போகும்."